வாசலுக்குள் தாஜ்மஹால்

ஆக்ராவுக்கு டூர் போய் வந்தவர் யாராக இருந்தாலும் ஒரு படம் கட்டாயம் வைத்திருப்பார். தாஜ்மஹாலின் உச்சியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குகிற மாதிரி! ஷாஜஹான் பார்த்தால், 'யாருப்பா அது, என் பெண்டாட்டி சமாதியில கை வைக்கிறது?' என்று அதட்டியிருப்பார்.

நல்ல படம் அதற்கு முன்னாலேயே, நுழைவாயிலில் காத்திருக்கிறது. சிவப்புக் கல்லில் பிரம்மாண்டமான வாசல். அதன் வளைவுக்குள் வெள்ளை வெளேரென்று தாஜ். போட்டோக்காரர்கள் பாஷையில் இதற்குப் பெயர் ஃப்ரேமிங். ஆணியடித்து மாட்டுகிற ஃப்ரேம் இல்லை சார். வாசலோ, ஜன்னலோ, மரக்கிளையோ, அங்கேயே இருக்கிற ஒன்றைச் சட்டமாக்கிக் கொள்வது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வாசலை நோக்கி நடக்க நடக்க, தாஜ் சின்னதாகிக்கொண்டே போகும். பின்னால் வந்தால் பெரிதாகும்! மந்திரம் இல்லை. என்னைப் போன்ற பி.காம்.களுக்கே புரிகிற கணக்குதான். வாசலிலிருந்து தாஜ் சுமார் 300 மீட்டர் தள்ளி இருக்கிறது. நீங்கள் பத்தடி நகர்ந்தால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. பக்கத்தில் இருக்கிற வளைவுதான் மளமளவென்று விரிகிறது. பெரிய தாம்பாளத்தில் வைத்த ஒற்றை இட்லி மாதிரி தாஜ் இளைத்துப் போகிறது. ஆக, ஜூம் உங்கள் காலிலும் இருக்கிறது.

வளைவின் நிழலில் நின்று, செல்போன் திரையில் தாஜைத் தொட்டு வெளிச்சத்தை செட் பண்ணுங்கள். வளைவு கறுத்துவிடும். கறுக்கட்டுமே! ஓரத்தில் நிற்கிற குப்பைத்தொட்டி, யாரோ ஒருவரின் குரங்குக் குல்லாய் எல்லாம் அந்தக் கறுப்பில் கரைந்துவிடும். காமிரா வைத்திருப்பவர்கள் எஃப் 8 அல்லது 11 வைத்தால் வளைவும் தாஜும் தெளிவாக விழும்.

இதே தாஜை இன்னொரு சட்டத்துக்குள்ளும் பார்க்கலாம். சுமார் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, ஆக்ரா கோட்டையிலிருந்து. 1658-ல் ஔரங்கசீப் அப்பாவை அங்கேதான் அடைத்து வைத்தார். 1666-ல் சாகும்வரை ஷாஜஹான் அங்கேதான். அதே வெள்ளைக் கட்டடம்தான். ஆனால், அந்த ஜன்னல் வழியே பார்த்தால் அது ஒரு கைதியின் படம்.

சத்யஜித் ரே 1964-ல் எடுத்த 'சாருலதா'வின் ஆரம்பத்தைப் பாருங்கள். வசதியான வீட்டுப் பெண் ஜன்னல் ஜன்னலாகப் போய், பலகையை விலக்கி, பைனாகுலர் மாதிரி ஒன்றை வைத்துத் தெருவை வேடிக்கை பார்ப்பாள். வசனமே வேண்டாம். அவள் வெளியே போக முடியாதவள் என்று ஜன்னலே சொல்லிவிடும்.

எங்கள் வீட்டு ஆல்பத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது. சமையலறை நிலைப்படி, உள்ளே இருட்டு, நடுவில் அம்மா முகம் மட்டும் வெளிச்சமாக. அப்பா எடுத்தது. போட்டிக்கு அனுப்பினால் பரிசே வரும்.

"என்னம்மா, சூப்பரா இருக்கே?" என்றேன்.

"அன்னிக்கு உன் அத்தை கல்யாணம். எல்லாரும் கூடத்துல குரூப் போட்டோ எடுத்தீங்க" என்றாள் அம்மா. குரூப் போட்டோவில் அம்மா இல்லை.

அடுத்த தடவை அழகான வாசலும் அதற்குள் ஒரு முகமும் மாட்டினால், தாராளமாக ஒரு க்ளிக் எடுங்கள். அப்புறம் அவர்களை வெளியே கூப்பிட்டு, எல்லோரோடும் உட்கார வைத்து இன்னொன்று. வெளிச்சம் சுமாராக இருந்தால் பரவாயில்லை.