மனச்சிதைவு நோயில் மறதி: உறக்க அலைகளில் விடை தேடும் ஆய்வுகள்

மனச்சிதைவு நோய் என்றதும் இல்லாத குரல்கள் காதில் ஒலிப்பதும் ஆதாரமற்ற ஐயங்களுமே பலரது நினைவுக்கு வருகின்றன. ஆனால், நோயாளிகள் பணிக்குச் செல்லவும் தனித்து வாழவும் பெருந்தடையாக இருப்பது நினைவாற்றல், கவனம் ஆகியவற்றின் குறைபாடாகும். தற்போதைய மருந்துகள் குரல்களை அடக்கினாலும், இக்குறைபாட்டைப் பெரிதாக மாற்றுவதில்லை.

இதற்கான காரணம் உறக்கத்தில் இருக்கலாம் என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர் டாரா மனோவாக் குழுவினர் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வழிகாட்டியது. எண் வரிசை ஒன்றை விரல்களால் விரைந்து தட்டும் பயிற்சியில், முதல் நாள் நோயாளிகளும் மற்றவர்களைப் போலவே முன்னேறினர். உறங்கி எழுந்தபின் மற்றவர்களின் வேகம் மேலும் கூடியது. நோயாளிகளிடம் அந்த ஏற்றம் காணப்படவில்லை. அதாவது, அவர்களால் கற்க முடிகிறது. கற்றது இரவில் நிலைபெறுவதில்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் மற்றொரு தடயத்தை அளித்தனர். உறக்கத்தின்போது மூளையில் ஓரிரு விநாடிகள் தோன்றி மறையும் 'ஸ்பிண்டில்' எனப்படும் மின்னலைகள் நோயாளிகளிடம் குறைந்திருந்தன. மூளையின் தாலமஸ் பகுதியில் உருவாகும் இவ்வலைகள், பகலில் பெற்ற நினைவுகளைப் பதியவைக்க உதவுபவை. மருந்துகளின் பக்கவிளைவாக இருக்கலாமே என்ற கேள்வி இயல்பானது. எனினும், மருந்தே உட்கொள்ளாத தொடக்கநிலை நோயாளிகளிடமும், நோயற்ற அவர்களது நெருங்கிய உறவினரிடமும் இதே குறைவு இருப்பதை 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்படியெனில், அலைகளைப் பெருக்கினால் நினைவு திரும்புமா? எஸ்ஸோபிக்ளோன் என்ற உறக்க மருந்தைக் கொடுத்தபோது ஸ்பிண்டில்கள் கூடின. ஆனால் நினைவாற்றல் எதிர்பார்த்தபடி மேம்படவில்லை என 2020-ல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. ஏமாற்றம்தான் என்றாலும் இதுவே இத்துறையின் முக்கியமான கண்டறிதல் எனலாம். ஸ்பிண்டில்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவலைகளோடு அவை உரிய நேரத்தில் இணைய வேண்டியிருக்கலாம் என்பதை இது உணர்த்தியது.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் இந்நோயால் பாதிக்கப்பட்டுள்ளார். அவர்களது குடும்பத்தினர் இச்செய்தியைக் கொண்டு உறக்க மாத்திரைகளைத் தாமாக வாங்கிக் கொடுப்பது ஆபத்தானது. உறங்குவோருக்கு மெல்லிய ஒலி எழுப்பி, அலைகளின் ஒத்திசைவைச் சீராக்கும் முயற்சிகள் தற்போது ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளன.