பட்டி பூசினால் துரு போய்விடுமா?

சென்ற வாரம் இதே பக்கத்தில் ஓர் அன்பர் எங்களைப் போன்றவர்களுக்கு உபதேசம் செய்திருந்தார். வீட்டு வாசலில் பழைய காடியைப் பிரித்துப் போட்டு கிரைண்டர் பிடிப்பவன் வேலைவெட்டி இல்லாதவனாம். கெத்தோக் சாட் பட்டறையில் விட்டால் மூன்றே நாளில் புத்தம் புதுசாகிவிடுமாம். அதற்கும் மனமில்லையா, பழைய இரும்புக்கு எடை போடு என்கிறார். கட்டுரைக்குக் கீழே ஊர் பெயர் காப்பார் என்று வேறு போட்டிருக்கிறார். காப்பாரில் குடியிருந்துகொண்டு துருவைப் பற்றி இவ்வளவு தெரியாமல் இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

மேற்கே மலாக்கா நீரிணை. உப்புக் காற்றுக்குக் குறைவில்லை. அடைமழை பிடித்தால் தாமானுக்குள் தண்ணீர். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரத்தில் எத்தனை காடிகள் மூழ்கின! சீட்டைக் காயவைத்தார்கள், கார்ப்பெட்டை மாற்றினார்கள், எஞ்சினைக் கழுவினார்கள். கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகரப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? அந்தப் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்னத் துளைகள் உண்டு. வெள்ளச் சேறு அவற்றை அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சேற்றோடு உப்பும் சேர்ந்திருந்தால் வெயில் காலத்திலும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. இரும்பு இருந்த இடத்தைப் போல பல மடங்கு இடம் கேட்பதால், வெல்டிங் வைத்த ஓரங்களையே பிளந்து தள்ளும். வெளியே சாயத்தில் பரு மாதிரி கொப்புளம் தெரிகிறதே, அது ஆரம்பம் அல்ல. உள்ளே எல்லாம் முடிந்த பிறகு வரும் செய்தி. ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள், பிஸ்கட் தூள் கொட்டும்.

இப்போது அன்பரின் மூன்று நாள் வித்தைக்கு வருவோம். கொப்புளத்தைத் தேய்ப்பார்கள். ஓட்டை தெரிந்தால் வலைத்துணி ஒட்டிப் பட்டியை அப்புவார்கள். தேய்த்து, சாயம் அடித்து, பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி மின்னும். உள்ளே இருந்த துரு உள்ளேயே இருக்கிறது. பட்டியோ ஈரத்தை உறிஞ்சும் சாமான். ஓரிரு மில்லிமீட்டர் மேடுபள்ளம் நிரவ வந்ததைத் தகரத்துக்குப் பதிலாக வைத்தால் மறுபடியும் அதே இடத்தில் வெடிக்காமல் என்ன செய்யும்?

பட்டறைக்காரரை நான் குறை சொல்லவில்லை. பேனலுக்கு இவ்வளவு வெள்ளி என்று பேசி முடித்தவருக்கு ஒரு சக்கர வளைவுக்குள் நாள் முழுக்கத் தலையை விட்டுக்கொண்டிருக்கக் கட்டுப்படியாகாது. அந்த நேரம் காடிக்குச் சொந்தக்காரனிடம்தான் இருக்கிறது. துருவை முழுவதும் வெட்டியெறிந்து, நல்ல தகரம் தெரியும்வரை போக வேண்டும். அதே கனத்தில் துண்டு வெட்டிப் பொருத்த வேண்டும். பழைய புரோட்டோன் சாகா தகரம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வெல்டிங்கை ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் அப்பளமாகச் சுருண்டுவிடும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடியும் ஒன்று. பிறகு எப்பாக்சி பிரைமர், ஓரங்களுக்கு சீலர், கடைசியில் பெட்டிக்குள் மெழுகு. இது வேலைவெட்டி இல்லாதவன் செய்யும் வேலை என்றால் வேலை என்று அன்பர் எதைச் சொல்கிறார்?

அவர் எழுதியதில் ஒன்று மட்டும் உருப்படி: சாயப் புகை. டூ-பேக் சாயத்தின் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. அதை வீட்டு வாசலில் அடிப்பவனை நானும் திட்டுவேன். அதனால்தான் கடைசிப் பூச்சுக்கு மட்டும் ஸ்பிரே பூத் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகிறோம். சீட் பெல்ட் பிடிக்கும் இடம், சஸ்பென்ஷன் தாங்கும் இடம் இவற்றில் துரு என்றால் கைதேர்ந்த வெல்டரைக் கூப்பிடுகிறோம். அன்பரோ அதே இடங்களைப் பட்டி போட்டு மூடிக்கொண்டு குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஏறச் சொல்கிறார். பாதுகாப்பு பற்றி இவர் எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்! ஜேபிஜே பிடிக்கும் என்ற மிரட்டல் வேறு. நிறத்தை மாற்றினால் கிராணில் பதிய வேண்டும், அவ்வளவுதான். அதே நிறத்தில் அடிப்பவனுக்கு அந்த வேலையும் இல்லை.

எடைக்குப் போடு என்ற யோசனையும் புதிதல்ல. 2009-இல் 15 ஆண்டைத் தாண்டிய காடிகளுக்குக் கட்டாயச் சோதனை என்று அரசாங்கம் அறிவித்தது. வசதியில்லாதவன் எங்கே போவான் என்று நாடே கேட்டது. அரசாங்கம் அதே ஆண்டில் பின்வாங்கியது. அமைச்சர்களுக்குப் புரிந்தது அன்பருக்கு இன்னும் எட்டவில்லை. 1985 ஜூலை 9-இல் வெளிவந்த சாகா, தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் காடி. ஷா ஆலாமில் முதலில் உருண்டு வந்ததை மூசியம் நெகாராவுக்குக் கொடுத்தார்கள். அதன் தம்பியை வீட்டில் காப்பாற்றுபவன் மட்டும் பைத்தியக்காரனா?

அன்பரிடம் மூன்று நாள் வித்தை பார்த்த காடி ஒன்று இருப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறார். ஐஸ் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து, மெல்லிய துணியில் சுற்றி, அதன் பின்சக்கர வளைவில் வைக்கட்டும். ஒட்டினால் எழுதி அனுப்பட்டும். நழுவி விழுந்தால் எனக்கு எழுத வேண்டாம், பட்டறைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கட்டும்.