உள்ளூர்க் கடையைக் காப்பது யார்? மட்டாஞ்சேரியை முன்வைத்து ஒரு மறுப்பு

‘பேரங்காடிகளைத் தவிர்ப்பீர், உள்ளூர்ச் சிறுகடைகளில் வாங்குவீர்’ என்னும் அறிவுரை இன்று கடற்கரை நகரங்கள் அனைத்துக்குமான பொதுமருந்தாக வழங்கப்படுகிறது. கொச்சிக்குச் செல்லும் பயணிகளுக்கும், மட்டாஞ்சேரியில் களஆய்வு செய்யப் புறப்படும் மாணவர்களுக்கும் இதுவே சொல்லப்படுகிறது. கேட்பதற்கு இனிய அறிவுரை. மறுப்பதற்கு மனம் வராத அறிவுரை. அதனாலேயே அதனை ஆராய வேண்டியிருக்கிறது. உள்ளூர்க் கடை என்பது எது? அது யாருக்கு உள்ளூர்? அதனை அழிப்பது எது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கூறாமல் வாங்குவோரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்கும் அறிவுரை, தான் காக்க விரும்பும் கடையையே கைவிட்டுவிடுகிறது.

முழக்கத்தின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். 2010இல் அமெரிக்காவில் ‘சிறுவணிகச் சனிக்கிழமை’ என்றொரு நாள் அறிமுகமாயிற்று. அதனைத் தொடங்கி வைத்தது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்னும் கடனட்டை நிறுவனம். சிறுகடையில் அந்த அட்டையைக் கொண்டு வாங்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் அந்நிறுவனத்துக்குக் கட்டணம் சேரும் என்பதை நினைவிற்கொண்டால் அதன் பரிவின் காரணம் விளங்கும். இந்தியாவில் ‘வோக்கல் ஃபார் லோக்கல்’ என்னும் தொடர் 2020 மே 12 அன்று பிரதமர் நரேந்திர மோதி ஆற்றிய உரைக்குப் பின் பரவியது. அங்கே ‘உள்ளூர்’ என்பது ஒரு தேசத்தின் பரப்பளவுக்கு நீண்டது. இந்திய முதலாளியின் பேரங்காடியும் அதற்குள் அடங்கும். ஒரு தெருவையும் ஒரு துணைக்கண்டத்தையும் ஒரே வேளையில் குறிக்கக்கூடிய சொல் எதனையும் குறிப்பதில்லை.

மட்டாஞ்சேரியில் இச்சொல் இன்னும் விரைவாகக் கலைகிறது. குஜராத்தி வணிகர், கச்சி மேமன்கள், கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர், சமணர், யூதர், தமிழ்ப் பிராமணர் எனப் பல திசைகளிலிருந்தும் வந்து தங்கியவர்களின் குடியிருப்பு அது. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் சலவைத் தொழில் செய்யும் வண்ணார் சமூகத்தினர் இன்றும் தமிழ் பேசுகிறார்கள். 1568இல் கட்டப்பட்டு இன்று அப்பகுதியின் அடையாளமாகவே காட்டப்படும் யூதத் தொழுகைக்கூடத்தின் பெயர் ‘பரதேசி’. அயலார் என்பதே அதன் பொருள். அயலாருடையது என்று பெயரிலேயே அறிவித்த கட்டடம் உள்ளூரின் முத்திரையாகிவிட்ட ஊரில், கடைக்காரரின் பூர்விகத்தைக் கொண்டு கடையின் உள்ளூர்த்தன்மையை அளப்பது நகைப்புக்குரியது.

ஆயினும் அவ்வாறு அளப்போர் கல்விப்புலத்திலும் இருக்கிறார்கள். இந்திய விடுதலைக்குப் பின் யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர, யூதத் தெருவின் வீடுகள் பழம்பொருள் கடைகளாகவும் கைவினைக் கடைகளாகவும் மாறின. அவற்றுள் பலவற்றை நடத்துவோர் காஷ்மீரிகள். ‘வெளியாட்கள் வந்து தெருவின் இயல்பைக் கெடுத்துவிட்டார்கள்’ என்னும் புலம்பல் ஆய்வுமொழியின் நாகரிகத்தோடு அவ்வப்போது வெளிப்படுகிறது. காஷ்மீரத்திலிருந்து வந்தவர் அயலார் என்றால் கச்சிலிருந்து வந்தவர் யார்? எத்தனை தலைமுறை கடந்தால் வணிகர் ஒருவர் உள்ளூராராகிறார்? இக்கேள்விக்கு நேர்மையான விடை எதுவும் கிடையாது. விடையில்லாத கேள்வியை அளவுகோலாக வைத்தால் அது ஒருநாள் சிலரை ஊரைவிட்டுத் துரத்துவதற்கே பயன்படும்.

பூர்விகம் அளவுகோலாகாது என்றால் தோற்றம் ஆகுமா? ஓட்டுக் கூரை, மரத் தூண், பழைய தராசு, திறந்த சாக்கில் ஏலம் ஆகியவற்றைக் கண்டவுடன் ‘அசல் கடை’ என்று முடிவு செய்வது பயணியின் பழக்கம். யூதத் தெருவின் பழம்பொருள் கடை சிறியது, தனியார் உடைமை, எந்தச் சங்கிலி நிறுவனத்துக்கும் கட்டுப்படாதது. முழக்கம் விதிக்கும் நிபந்தனைகள் அனைத்தும் அதில் நிறைவேறுகின்றன. ஆனால் அத்தெருவில் குடியிருப்பவர் இரவு ஏழு மணிக்கு ஒரு கிலோ அரிசியோ தீப்பெட்டியோ காய்ச்சல் மாத்திரையோ அங்கே வாங்க முடியாது. பயணிக்கு உள்ளூராகத் தோன்றும் கடை, குடியிருப்பவருக்கு வெளியூரினும் தொலைவானது. அங்கே விற்கப்படும் நறுமணப் பொருளின் நிலையும் அவ்வாறே. இலங்கை வழியாக வியட்நாம் மிளகு மலிவாக வந்து குவிவதாக விவசாயிகள் முறையிட்டதன் தொடர்ச்சியாக, 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு மிளகின் குறைந்தபட்ச இறக்குமதி விலையைக் கிலோவுக்கு 500 ரூபாயாக நிர்ணயித்தது. கடைத்தெருவில் தம் கையிலிருக்கும் மிளகு இடுக்கியில் விளைந்ததா, வேறெங்கோ விளைந்ததா என்பதை வாங்குவோர் முகர்ந்து அறிய இயலாது.

சிறுகடை இயல்பாகவே அறமுடையது என்னும் நம்பிக்கையும் ஆய்வைத் தாங்காது. மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளும் படகுத்துறைகளும் உள்ளூர் வணிகர் கையில் செழித்திருந்த காலத்தில்தான் அங்கே ‘சாப்பா’ முறை நிலவியது. வேலை தேடி நிற்கும் கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை எறிவார்கள். முண்டியடித்துப் பொறுக்கியவர்களுக்கே அன்றைய கூலி. அந்த முறையை எதிர்த்த போராட்டத்தின்மீது 1953 செப்டம்பர் 15 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்றைய பயணக் குறிப்புகள் வியக்கும் அதே கடைத்தெருவின் வரலாறு இது. துணிக்கடை ஊழியர் நாள் முழுதும் நிற்கவைக்கப்படும் கொடுமையைத் தமிழ் வாசகர் ‘அங்காடித் தெரு’ (2010) திரைப்படத்தின் வழியாக நன்கு அறிவர். கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் திரண்டு போராடியதன் விளைவாகக் கேரளம் 2018இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி அமரும் உரிமையை ஏற்றது; தமிழ்நாடு 2021இல் பின்தொடர்ந்தது. நாற்காலி ஒன்றைப் பெறுவதற்கே சட்டம் தேவைப்பட்டது. கடையின் சிறுமையும் முதலாளியின் ஊர்ப்பற்றும் அதனை வழங்கிவிடவில்லை.

அவ்வாறாயின் உள்ளூர்க் கடை என்பதே பொய்த் தோற்றமா? இல்லை. அளவுகோல் ஒன்று உண்டு: கடை யாருக்குப் பொறுப்புக் கூறக் கடமைப்பட்டிருக்கிறது என்பது. பற்றுக் கணக்கில் பொருள் தரும் மளிகைக் கடைக்காரர், கூலி கிடைக்காத வாரத்திலும் தெருவுக்கு அரிசி கொடுக்க வேண்டியவராக இருக்கிறார். கொடுக்காவிட்டால் அவருக்கும் அத்தெருவில் இடமில்லை. அக்கடனுக்காக விலை கூடுவதும், கடன் தீரும்வரை வேறு கடைக்குப் போக முடியாமல் வாடிக்கையாளர் கட்டுண்டு கிடப்பதும் உண்மையே. ஆனால் அந்த உறவில் இரு தரப்பும் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. ஒருமுறை வந்து போகும் பயணியோடு எந்தக் கடைக்கும் இத்தகைய கடப்பாடு இல்லை.

இக்கடப்பாட்டைச் சட்டமாக்கிய கடை ஒன்றும் கேரளத்தின் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது: ரேஷன் கடை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசியை நம்பியிருந்த கொச்சியும் திருவிதாங்கூரும் கடும் பற்றாக்குறையில் ஆழ்ந்தன. அரிசியைக் கடல்வழியே கொண்டுவந்த வணிக வலையமைப்பு எவ்வளவு திறமையானதாக இருந்தபோதும், அந்த நெருக்கடியில் அதனால் மக்களுக்கு உணவளிக்க இயலவில்லை. பங்கீட்டு முறை தேவைப்பட்டது. 1960களின் நடுவில் கேரளம் அனைவருக்குமான ரேஷன் முறையை நிறுவியது. கேரளத்தின் ரேஷன் கடைகளில் பெரும்பாலானவை உரிமம் பெற்ற தனிநபர்கள் நடத்துபவை. சிறிய கடை, தனி உடைமை, அதே தெருவுக்கு உரியது, விலையும் அளவும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை. ‘தனித்து இயங்கும் உள்ளூர்க் கடை’யைப் போற்றும் குறிப்புகளில் இக்கடை ஒருபோதும் இடம்பெறாது. ஏனெனில் அங்கே பயணி வாங்குவதற்கு ஏதுமில்லை.

இனி மூன்றாம் கேள்வி: அழிப்பது எது? ‘மக்கள் பேரங்காடிக்குப் போகிறார்கள்’ என்பது வழக்கமான விடை. இடப்பள்ளியில் 2013இல் திறக்கப்பட்ட லுலு மால் வாடிக்கையாளரை ஈர்த்திருக்கலாம். ஆனால் மட்டாஞ்சேரியில் மாற்றத்தின் வேர் வேறிடத்திலும் இருக்கிறது. ராபர்ட் பிரிஸ்டோவின் தலைமையில் காயல் தூர்வாரப்பட்டு, அந்த மண்ணால் வெலிங்டன் தீவு உருவாகி, புதிய துறைமுகம் எழுந்தது. சரக்குகள் பெட்டகங்களுக்கு மாறின. 2011இல் வல்லார்பாடம் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. மிளகின் முன்பேர வணிகம் கூவல் ஏலத்தை விட்டுக் கணினித் திரைக்குச் சென்றது. வேலை இழந்த பண்டகசாலைகளின் மதிப்பு அவற்றின் தோற்றத்தில் மட்டும் எஞ்சியது. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பினாலே அத்தோற்றத்துக்கு உலகப் பார்வையாளரைக் கொண்டுவந்தது. கலைவிழாவைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் சாக்கு மூட்டை அடுக்கிய இடத்தில் காப்பிக் கடை நடத்தினால் அதிக வாடகை கிடைக்கும் என்றான பின், அரிசி விற்பவர் அங்கே நீடிப்பது அவரது வாடகை ஒப்பந்தத்தைப் பொறுத்ததாகிறது. வாடிக்கையாளரின் விசுவாசத்துக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமில்லை.

ஆகவே இந்த விவாதத்தின் மையம் வாடகைச் சட்டம். 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 11(3) பிரிவில் ஒரு விலக்கு உண்டு. தமக்கே தேவை என்று உரிமையாளர் இடத்தைக் கோரும்போதும், வாடகைதாரர் அங்கு நடத்தும் தொழிலின் வருமானத்தையே பெரிதும் நம்பி வாழ்பவராக இருந்து, அந்த வட்டாரத்தில் பொருத்தமான வேறு இடமும் கிடைக்காவிட்டால், அவரை வெளியேற்ற ஆணையிட முடியாது. இரண்டையும் மெய்ப்பிக்கும் சுமை வாடகைதாரருடையது, எளிய சுமையன்று. எனினும் கடை என்பது சதுர அடி மட்டுமன்று, அந்த இடத்தோடு பிணைந்த பிழைப்பு என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொண்ட அரிய இடம் அது. ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் எதிர்த்திசையில் செல்கிறது. அதன்படி ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வெளியேற வேண்டும். தவறினால் முதல் இரண்டு மாதங்களுக்கு இருமடங்கு, பிறகு நான்கு மடங்கு வாடகை. ஒப்பந்தத்தையே அடிப்படையாகக் கொண்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜார்ஜ் டவுனிலோ மதுரையின் மாசி வீதிகளிலோ ‘பழங்கடைகள் மறைகின்றனவே’ என்று வருந்தும் தமிழ் அறிவுலகம், அச்சட்டம் வந்தபோது கடை வாடகைதாரர் பக்கம் நின்று எவ்வளவு பேசியது?

வாங்குவோரின் உறுதி போதாது என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்துக்கு மக்களின் ஆதரவு குறைவில்லாமல் இருந்தது. பிரிட்டிஷ் நிறுவனம் கட்டணத்தைத் தாங்கமுடியாத அளவுக்குக் குறைத்தது. அரசு 1908 மார்ச்சில் வ.உ.சி.யைச் சிறைப்படுத்தியது; நிறுவனம் வீழ்ந்தது. மூலதனமும் அதிகாரமும் எதிர்நின்றபோது நாட்டுப்பற்றுள்ள பயணச்சீட்டால் கப்பலைக் காக்க முடியவில்லை. வ.உ.சி. இதனை உணர்ந்தே செயற்பட்டார். கப்பலோடு நின்றுவிடாமல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கும் துணைநின்றார். இன்றைய ‘உள்ளூரில் வாங்குவோம்’ இயக்கம் அவரிடமிருந்து கப்பலை எடுத்துக்கொண்டு வேலைநிறுத்தத்தை விட்டுவிட்டது.

ஓர் எதிர்வாதத்துக்கு மறுமொழி தேவை. ‘தனிமனிதத் தேர்வுக்கு மதிப்பே இல்லையா? சிறுகடையில் வாங்குவது தவறா?’ தவறன்று. வாங்கலாம், வாங்க வேண்டும். ஆனால் அதனை அரசியல் செயலாகக் கருதி மனநிறைவு கொள்வதே சிக்கல். மாத ஊதியம் பெறும் பேராசிரியர் கூடுதலாகப் பத்து ரூபாய் கொடுத்துச் சிறுகடையில் வாங்க முடியும். சுமைதூக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கு அந்தப் பத்து ரூபாய் ஒரு வேளை உணவின் பகுதி. பேரங்காடியிலோ சப்ளைகோ விற்பனையகத்திலோ மலிவாக வாங்கும் அவரை ஊருக்கு இரண்டகம் செய்தவராகக் காட்டும் அறம், வசதியுள்ளோரின் அறம். இருப்போர் இல்லாதோருக்கு உபதேசம் செய்யும் கருவியாக உள்ளூர்க் கடை ஆகிவிடக் கூடாது.

செய்யத்தக்கவை வேறு. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிழைப்புப் பாதுகாப்பு, வரப்போகும் எந்தச் சட்டத்திலும் நீடிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை உரிமையாளர் பக்கம் நகர வேண்டும். பாரம்பரியப் பகுதி என்னும் தகுதி கட்டடத்தின் முகப்பை மட்டும் காப்பதாக இல்லாமல், குடியிருப்போருக்குத் தேவையான கடைகளுக்குத் தரைத்தளத்தில் இடம் ஒதுக்குவதாகவும் அமைய வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடங்களைத் தெரு வணிகருக்கே அளிக்கிறது. அதே முறையில் கடை வாடகைதாரரும் கடை ஊழியரும் அமரும் குழு ஒன்று இத்தகைய பகுதிகளுக்கு வேண்டும்.

கல்விப்புலத்தார்க்கும் ஒரு கடமை இருக்கிறது. மட்டாஞ்சேரி பற்றிப் பன்மைப் பண்பாடு, நினைவு, கட்டடக் கலை என்னும் தலைப்புகளில் ஆய்வுகள் தொடர்ந்து வருகின்றன. ஒரு தெருவின் கடைகளில் எவை சொந்தக் கட்டடத்தில் உள்ளன, எவை வாடகையில் உள்ளன, வாடகை எவ்வளவு உயர்ந்தது, வெளியேறிய கடைக்காரர் எங்கே போனார், ஊழியருக்கு என்ன ஊதியம் என்று வரிசையாகப் பதிவுசெய்யும் பணிக்கு ஒரு குறிப்பேடும் ஓராண்டுப் பொறுமையும் போதும். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது, ‘வட்டாரத்தில் பொருத்தமான வேறு இடம் இல்லை’ என்று மெய்ப்பிக்க வேண்டிய மளிகைக் கடைக்காரருக்குக் கைகொடுப்பது அந்தப் பதிவேடுதான்.