இடுப்பு வலி என்றால் எந்த இடம்?

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் அரசியலுக்கு அடுத்தபடி அதிகம் அடிபடுவது இடுப்பு வலிதான். ஒருவர் முதுகின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு சொல்வார். இன்னொருவர் பக்கவாட்டு எலும்பைத் தட்டிக் காட்டுவார். மூன்றாமவர் பிட்டத்தைத் தடவிக்கொள்வார். மூன்றுக்கும் ஒரே பெயர். அதனால் ஒரே தைலம், ஒரே மாத்திரை சிபாரிசு. இது எனக்கு ஒப்பவில்லை.

தமிழில் இடுப்பு பரந்த சொல். புடவை கட்டுவதும் இடுப்பில், குடம் வைப்பதும் இடுப்பில். ஆனால் தொடை எலும்பின் உருண்டைத் தலை குழிக்குள் சுழலும் அந்த மூட்டு, நாம் கைவைக்கும் இடத்தில் இல்லை. தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்புக்குப் பின்னால், ஆழத்தில் இருக்கிறது. மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் அந்தத் தொடை இடுக்கில்தான் தெரியும். சிலருக்கு முன்தொடை வழியாக இறங்கி முழங்காலில் போய் நிற்கும். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று திரும்பியவர்கள் உண்டு. கால் நகம் வெட்டக் குனிய முடியவில்லையா, ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்கினால் சுளீர் என்கிறதா, சம்மணம் போட்டால் ஒரு முட்டி மட்டும் தரைக்கு இறங்க மறுக்கிறதா? மூட்டைச் சந்தேகப்படலாம். (ஆண்களுக்கு அதே இடுக்கில் குடலிறக்கமும் வலிக்கும், அதையும் பார்த்துவிடுவது நல்லது.)

பக்கவாட்டில் துருத்தும் எலும்பின் மேல் வலி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போகிறது என்றால் பெரும்பாலும் அங்கே ஒட்டும் தசைநாண்களின் தொல்லை. பெண்களுக்கு அதிகம். முறையான உடற்பயிற்சியிலேயே பலருக்குக் குறையும். பிட்டத்தில் தொடங்கிப் பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழும் மின்சாரம் போல் ஓடினால், அநேகமாக முதுகெலும்பில் நரம்பு அழுந்துகிறது.

ஆகவே டாக்டரிடம் "இடுப்பு வலி" என்று சொல்லாதீர்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். எந்த வேலையில் வலிக்கிறது என்று சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது சிதைய அதுவும் ஒரு காரணம். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தால், வலிக்காத இடது பக்கத்துக்கும் அதே வயதுதானே என்று கேட்கும் பழைய ஜோக் இருக்கிறது. ஜோக் என்றாலும் நியாயமான கேள்வி.

இதெல்லாம் நாலு நாள் பொறுக்கக்கூடியவை. விழுந்த பிறகு வரும் வலி அப்படி அல்ல. எங்கள் தெருவில் ஒரு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். சுவரைப் பிடித்து நாலு எட்டு வைத்தார். "நடக்கிறாங்களே, எலும்பு உடைந்திருக்காது" என்று எண்ணெய் தேய்த்தே பத்து நாள் ஓடியது. கடைசியில் பார்த்தால் தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் யாரும் பயந்து ஓடுவார்கள். ஆனால் உடைந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றுவிட்டால் கொஞ்சம் நடக்கவும் முடியும், ஏமாந்துபோவோம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி விடவில்லை என்றால் ஸ்கேன் வேண்டுமா என்று கேட்டே ஆகவேண்டும்.

முறிவு என்று தெரிந்த பிறகும் வீட்டில் ஒரு விவாதம் நடக்கும்: "எண்பது வயசில ஆபரேஷனா? படுக்கையிலேயே பார்த்துக்கலாம்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த வயதில் படுக்கைதான் பெரிய ஆபத்து. முதுகில் புண், நுரையீரலில் சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக்கட்டி எல்லாம் அங்கேதான் வருகின்றன. உடல் தாங்கும் என்று டாக்டர்கள் சொன்னால், ஓரிரு நாளுக்குள் ஆபரேஷனை முடித்து எழுப்பி உட்கார வைப்பதே கருணை என்பது என் கட்சி. முடிவெடுக்கும்போது அந்தப் பாட்டியையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கைத்தடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலர் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள். வலது இடுப்பு மூட்டு வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை வைக்கும்போதே தடியும் தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் மூட்டின் பாரம் குறையும்.