எந்த கோர்ஸ் எடுக்கட்டும், மாமா?

ஜூன் மாசம் ஒரு ராத்திரி அக்கா மகள் போன் பண்ணிக் கேட்ட கேள்வி இது. விருத்தாசலம் பக்கம் ஒரு அரசுப் பள்ளி, தமிழ் வழி, கட் ஆஃப் 161. நான் சென்னையில் எட்டு வருஷமாக சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க வேறு ஆளும் கிடையாது. அன்றைக்கு ஆபீஸில் மனசு கெட்டுப்போயிருந்தது, யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். "கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் வேணாம் பாப்பா. ஏஐ வந்து எல்லாத்தையும் தின்னுட்டிருக்கு. இந்த ஃபீல்டே முடிஞ்சுபோச்சு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "அப்ப நீங்க எப்ப மாமா வேலையை விடுறீங்க?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே பயந்துபோய்த்தான் கேட்டாள். மாமாவுக்கு வேலை போய்விட்டால் வீட்டுக்கு மாசாமாசம் வருகிற பணம் என்னாகும் என்ற பயம். எனக்குச் சுருக்கென்றது. வேலையை விடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. என்னைப் போல ஓஎம்ஆரில் உட்கார்ந்துகொண்டு ஊர்ப் பிள்ளைகளிடம் "கம்ப்யூட்டர் படிக்காதே" என்று சொல்லும் எவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு அதே ஏஐயை எப்படி வேலைக்குப் பழக்குவது என்று பணம் கட்டி கோர்ஸ் படித்துக்கொண்டிருக்கிறோம். நாம் ஏறி வந்த ஏணியை மேலிருந்து இழுத்துக்கொண்டு, கீழே நிற்பவளிடம் "மாடியில ஒண்ணும் இல்ல, வராதே" என்கிறோம். இந்தக் கட்டுரை முதலில் எனக்கு எதிரானது, பிறகுதான் மற்றவர்களுக்கு.

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் ஏறத்தாழ இரண்டு சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, அனுப்பப்போவதாக அறிவித்தது. அன்றைக்கு எங்கள் வாட்ஸப் குழுக்களில் எழவு வீடு மாதிரி இருந்தது. அதே அறிவிப்பில் இன்னொரு விஷயமும் இருந்தது: பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்கள்தான் பாதிக்கப்படுவார்கள் என்று. அதாவது நான். முப்பது தாண்டியவன், இஎம்ஐ கட்டுபவன், மீட்டிங்கில் தலையாட்டிச் சம்பளம் வாங்குபவன். என்னுடைய பயத்தை எடுத்துப் பதினேழு வயசுப் பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறேன். புதிதாக ஆள் எடுப்பதும் குறைந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆரம்பச் சம்பளம் நான் சேர்ந்தபோது இருந்த மூன்றரை லட்சத்தை ஒட்டியே இன்னும் நொண்டுகிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் "முடிந்தது" என்று சொன்னால் அடுத்து "எது முடியவில்லை" என்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நம் ஆட்கள் இந்த இடத்தில் வழக்கமாக "கோர் பிராஞ்ச் எடு" என்பார்கள். கோர் எடுத்தவன் நான். 2013இல் அப்பாவும் நானும் ராத்திரி பஸ் பிடித்துக் கிண்டி போய் அண்ணா பல்கலைக்கழகத்தில் இறங்கினோம். அப்போது கவுன்சலிங் நேரில்தான், 2018இல்தான் ஆன்லைனுக்குப் போனது. பெரிய திரையில் கல்லூரி வாரியாக மிச்சமிருக்கும் இடங்கள் ஓடும். நிமிஷத்துக்கு நிமிஷம் எண்கள் குறையக் குறைய வயிற்றைக் கலக்கும். அந்த வருஷங்களில் மெக்கானிக்கல்தான் ராஜா. நான் எடுத்த கல்லூரியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் காலியாகக் கிடந்தது. "ஐடில எல்லாம் ஆளைத் தூக்கிட்டாங்களாம், மெசினு எப்பவும் இருக்கும்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அப்பாவிடம் சொன்னார். 2008 மந்தத்தின் பயம் ஐந்து வருஷம் கழித்தும் அந்த அரங்கில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பேச்சைக் கேட்டு மெக்கானிக்கல் எடுத்தேன். நான்கு வருஷம் லேத்தில் இரும்பைக் கடைந்தேன். 2017இல் கேம்பஸுக்கு வந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி எங்கள் வகுப்பில் பாதியை அள்ளிக்கொண்டு போய் மூன்று மாதத்தில் ஜாவா சொல்லிக் கொடுத்தது. லேத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

2000இல் ஐடி என்ற இரண்டு எழுத்துக்காக அடித்துக்கொண்டவர்களுக்கு அடுத்த வருஷமே டாட்காம் சரிந்தது. 2008க்குப் பிறகு அதைக் கண்டு பயந்தவர்கள் மெக்கானிக்கலில் விழுந்தார்கள், அவர்கள் வெளியே வரும்போது அங்கேயும் வேலை இல்லை. பட்டம் முடிக்க நான்கு வருஷம் ஆகும், சந்தை அதற்குள் இரண்டு தடவை தலைகீழாகிவிடும். இந்த வருஷச் செய்தித்தாளைப் பார்த்து பிராஞ்ச் எடுப்பது, இன்றைக்கு அடிக்கிற வெயிலைப் பார்த்து நான்கு வருஷம் கழித்துப் போடப்போகும் பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி.

நம் இலக்கிய நண்பர்களிடம் இதைக் கேட்டால் பதில் இன்னும் சுருக்கம்: "பிடிச்சதைப் படிக்கட்டும்." பிடித்ததைப் படிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. பதினேழு வயதில் என்னவெல்லாம் பிடித்திருக்க முடியும் என்பதற்கு ஒரு குழந்தை என்னவெல்லாம் பார்த்திருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை. அவள் பார்த்தது முந்திரிக் கொட்டை உடைக்கும் அம்மாவின் கைகளை. தோட்டுப் பால் பட்டு நகக்கண் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும் கைகள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் அந்தக் கை மாதிரித் தன் கை ஆகாமல் இருப்பது பிடிக்கும். இதை பேஷன் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஐடிக்காரனை "சைபர் கூலி" என்று எழுதிய கதைகளை நானும் படித்திருக்கிறேன், சிலவற்றைக் காசு கொடுத்தே வாங்கினேன், ஜனவரி புத்தகக் கண்காட்சியில், அந்தக் கூலியின் கார்டைத் தேய்த்துத்தான். கூலி என்ற சொல்லை இவ்வளவு கேவலமாகச் சொல்ல, பரம்பரையில் யாராவது கூலிக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாசச் சம்பளம் என்ற ஒன்று முதன்முதலில் வந்ததே என் அக்கவுன்ட்டுக்குத்தான்.

அதனால் கம்ப்யூட்டர் படி என்கிறேன். ஆனால் என்ன பெயரில்?

இங்கேதான் எனக்கு உண்மையான கோபம். அவள் கையிலிருந்த பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினாள். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், ஏஐ அண்ட் மெஷின் லேர்னிங், சைபர் செக்யூரிட்டி, ஐஓடி, கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ். ஒரே கல்லூரியில் ஏழு பெயர்ப் பலகை. ஓட்டல் சுவரில் நூறு வகை தோசை எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மாவு, ஒரே கல். இங்கேயும் அப்படித்தான்: டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிபிஎம்எஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ் எல்லாவற்றிலும் உண்டு. மீதியில் கொஞ்சம் மாறும். அந்த மாறுகிற கொஞ்சத்தை நடத்துவதற்கு ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. (பி.இ. பெரிசா பி.டெக். பெரிசா என்று அக்கா வீட்டுக்காரர் தனியாகப் போன் பண்ணிக் கேட்டார். அண்ணா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு பி.இ., ஐடிக்கு பி.டெக். வேலைக்கு எடுப்பவன் இரண்டையும் ஒரே கட்டத்தில்தான் போடுகிறான் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.)

ஆள் இருக்கிறாரா என்பது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டதை மறந்துவிட்டோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்கு காட்டியிருந்தார்கள். சிலர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில். அதே 2024-25இல்தான் ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பையும் ஏஐசிடிஇ எடுத்தது. தரம் காட்டிய கல்லூரிகளுக்கு மட்டும் என்று நிபந்தனை உண்டு. நடந்தது நமக்குத் தெரியும்: சிவிலையும் மெக்கானிக்கலையும் சுருக்கி, கம்ப்யூட்டரில் இடங்களைக் கூட்டினார்கள். மாணவனை ஒரே வருஷத்தில் கூட்டலாம், ஆசிரியரை எங்கிருந்து கூட்டுவது? மெக்கானிக்கல் துறையில் பத்து வருஷம் இருந்த என் நண்பன் ஒருத்தன் இப்போது பைத்தான் நடத்துகிறான். முந்தின நாள் ராத்திரி யூடியூப்பில் பார்த்துவிட்டு மறுநாள் காலை வகுப்பு. "பசங்களுக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயமா இருக்கும்டா, ஆனா அவங்களும் அதே வீடியோவைத்தான் பார்க்கிறாங்க" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த வகுப்புக்கு வெளியே "ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்" என்று நியான் பலகை மாட்டியவர்கள்மேல்தான்.

அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் நிஜ ஏஐ எதில் நிற்கிறது தெரியுமா? பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் வழிக் கணக்குப் புத்தகத்தின் முதல் அத்தியாயம், அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள். சாட்ஜிபிடி உங்களுக்குக் கவிதை எழுதித் தரும்போது உள்ளே நடப்பதில் பெரும்பகுதி அணிகளின் பெருக்கல்தான். அக்கா மகள் அந்த அத்தியாயத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறாள். ஆனால் கல்லூரிக்குப் போனால் அதன் பெயர் மேட்ரிக்ஸ். மேட்ரிக்ஸ் என்றால் தனக்குத் தெரிந்த அணிதான் என்று யாராவது சொல்லித் தர வேண்டும். எங்கள் வகுப்பில் தமிழ் வழியில் வந்தவர்கள் பதினான்கு பேர், முதல் செமஸ்டர் கணக்கில் அத்தனை பேரும் அரியர் வைத்தோம். கணக்கு தெரியாமல் இல்லை. கேள்வி புரியவில்லை. ஒருத்தன் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. இப்போது நெய்வேலியில் கான்ட்ராக்டில் இருக்கிறான் என்று கேள்வி. "எந்த கோர்ஸுக்கு ஸ்கோப்" என்று மூன்று மணி நேரம் பேசும் யூடியூப் ஆலோசகர்கள் யாரும் இந்த ஒரு செமஸ்டரைப் பற்றி மூன்று நிமிஷம் பேசிக் கேட்டதில்லை. பல்கலைக்கழகம் முதல் வருஷத்தில் தமிழர் மரபு என்று ஒரு தாள் வைத்திருக்கிறது, சந்தோஷம். அதோடு கணக்குக்கு இரண்டு மாசம் தமிழிலும் இங்கிலீஷிலும் சேர்த்துச் சொல்லித் தர ஒரு வகுப்பு வைத்தால் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பாமல் இருப்பார்கள்.

அவளுக்கு ஒரு பலம் இருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021இல் இன்ஜினியரிங்குக்கும் வந்தது. கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே வருஷம் 50,000, 55,000 ஆகிற ஊரில் இது சாதாரண விஷயமில்லை. "161 எடுத்தவளுக்கு அந்தக் காலேஜா" என்று முகம் சுளிக்கிற ஒருத்தர் எங்கள் தெருவிலேயே உண்டு. பைத்தான் ப்ரோகிராமை நோட்டில் பேனாவால் எழுதி, லேபில் நாலு பேருக்கு ஒரு சிஸ்டம் என்று முறை போட்டு எடுத்த 161 அது. ஏசி ரூமில் கோச்சிங் போன 190ஐ இதன் பக்கத்தில் நிறுத்தும் தராசு எனக்குப் பழக்கமில்லை.

இரண்டாவது தடவை நானே போன் பண்ணினேன். முன்னால் சொன்னதை வாபஸ் வாங்கினேன். வெறும் கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐடியோ எடு, நீளமான பெயர் இருந்தால் சந்தேகப்படு, பிராஞ்சுக்கு முன்னால் கல்லூரியைப் பார், அரசுக் கல்லூரிகளை மேலே வை என்றேன். எதுவும் சரியாக அமையாவிட்டால் பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமோ கம்ப்யூட்டர் சயின்ஸோ சேர், அப்புறம் டான்செட் எழுதி எம்.சி.ஏ. போகலாம், அதுவும் இப்போது இரண்டே வருஷம்தான் என்றேன். "அது தோத்தவங்க போற வழின்னு சார் சொன்னாரு மாமா" என்றாள். அந்த வழியில் வந்த ஒரு அக்கா எனக்கு டீம் லீடாக இருந்ததையும், என் கோடில் தப்புக் கண்டுபிடித்தே என்னை ஆளாக்கியதையும் சொன்னேன்.

"ஒரு காலேஜ் நல்லதா கெட்டதான்னு எப்படி மாமா கண்டுபிடிக்கிறது? வெப்சைட்ல எல்லாருமே சிரிக்கிறாங்க" என்றாள். கம்ப்யூட்டர் லேப் சாயங்காலம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேள், வகுப்பு முடிந்ததும் பூட்டுகிற இடமென்றால் வேண்டாம் என்றேன். சொந்தமாக லேப்டாப் இல்லாதவளுக்கு அந்த மூன்று மணி நேரம்தான் கல்லூரி.

மறுநாள் பட்டியலில் இருந்த பதினொரு கல்லூரிகளுக்கும் அவளே போன் போட்டிருக்கிறாள். நாலு இடத்தில் யாரும் எடுக்கவில்லை. மூன்று இடத்தில் லேபைப் பற்றிப் பேசாமல் அப்பா நம்பர் கேட்டார்கள், அன்றைக்கே பஸ் அனுப்புவதாகச் சொன்னார்கள். இரண்டு இடத்தில் "எதுக்கும்மா இதெல்லாம் கேக்கற" என்று வைத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் நாலரைக்குப் பூட்டிவிடுவார்களாம். ஒரு அரசுக் கல்லூரியில் மட்டும் ஆபீஸிலிருந்து லைனை லேபுக்கே மாற்றிவிட்டார்கள். எடுத்தவர் லேப் அசிஸ்டென்ட். ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும், மூணாவது வரிசையில ரெண்டு சிஸ்டம் ஓடாது, மத்ததெல்லாம் ஓடும் என்று சொன்னாராம்.

அதைத்தான் முதல் சாய்ஸாகப் போட்டு லாக் பண்ணியிருக்கிறாள்.