இல்லமும் இசையும்: தானே வாசிக்கும் பியானோ

தானே வாசிக்கும் பியானோ ஒன்றை வாங்க விழையும் அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அடுத்த அறையில் அவருடைய முதிய அன்னையார் படுக்கையில் இருக்கின்றார்; சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார். பேச்சுக்கும் உறக்கத்துக்கும் இடையூறின்றி ஒலிக்கும் கருவி எது என்பது அவர் வினா. விலை சிறிதன்று, பிழைபடின் திருத்துவதும் எளிதன்று.

துளையிட்ட காகிதச் சுருளால் இயங்கிய பழைய கருவிகளின் செல்வாக்கு, வானொலியின் வரவால் மங்கிற்று. 1987-இல் அறிமுகமான யமஹாவின் டிஸ்க்லேவியர், 2015-இல் வந்த ஸ்டைன்வேயின் ஸ்பிரியோ போன்றவற்றில், ஒவ்வொரு கட்டையையும் ஒரு மின்காந்தம் இயக்குகின்றது. கட்டை சுத்தியை எறிய, சுத்தி கம்பியைத் தாக்குகின்றது. சுத்தியின் வேகமே ஒலியின் அளவு. இடர்ப்பாடு இங்கேதான் உளது. வேகத்தை மிகக் குறைத்தால் கட்டை தாழும். சுத்தியோ கம்பியை எட்டாது திரும்பிவிடும். பாட்டின் நடுவே சுரம் ஒன்று காணாமற் போகும்!

ஆகவே கடையில் கருவி முழக்கமிடுவதைக் கேட்டு மயங்கற்க. ஒலியை மிகத் தாழ்த்தி, மெல்லிய இசையொன்றை வாசிக்கச் செய்து, விடுபடும் சுரங்களை எண்ணுக. அப்போது கட்டைகள் எழுப்பும் "டக், டக்" ஒசையையும் செவிமடுக்க; மெல்லிசையில் அதுவே முந்தி நிற்கும்.

நின்ற வடிவப் பியானோக்கள் பலவற்றில் நடு மிதியை அழுத்தினால், சுத்திக்கும் கம்பிக்கும் இடையே கம்பளிப் பட்டை ஒன்று இறங்கும். ஒலி வெகுவாக அடங்கும். தெளிவும் சற்றே மங்கும். சுத்தியைக் கம்பியில் படாது தடுத்து, மின்னொலியாகக் கேட்பிக்கும் அமைப்பும் உண்டு. வாசித்துப் பழகுவோர்க்கு அது பெருந்துணை. கேட்பதற்கு மட்டுமெனில், அத்துணைப் பணம் எதற்கு? நல்லதோர் ஒலிபெருக்கி போதுமே!

நின்ற வடிவக் கருவியின் முதுகிலிருந்தே ஒலி மிகுதியாக எழும். அண்டை வீட்டாரோடு பொதுவான சுவரில் அதனைச் சார்த்தி வைத்தல் ஆகாது. மும்பை, கொல்கத்தா மழைக்காலத்து ஈரத்தில் மரம் உப்பிக் கட்டைகள் இறுகும். முதலிற் கெடுவது மென்மையான வாசிப்பே. ஆண்டுதோறும் தேர்ந்தவரைக்கொண்டு சீர்செய்க. சுத்தியின் கம்பளி முகத்தை ஊசியாற் குத்தி இளக்கும் வழக்கமும் உண்டு. கூரிய ஒலி அதனால் தணியும்.

அன்னையாரின் அறைக் கதவைத் திறந்துவைத்து ஒருமுறை, சாத்தி ஒருமுறை கேட்டபின், அன்பர் மீண்டும் எழுதுவாராக.