நம்பாதவரும் விற்பவரும்

"எல்லாம் மனசுதான்" என்ற மருத்துவரிடமிருந்து தப்பி, "எல்லாம் லைம்தான்" என்ற மருத்துவரிடம் போய் விழுந்தவள் நான்.

கனெக்டிகட்டுக்கு வந்த மூன்றாம் வருடக் கோடையில் முழங்காலுக்குப் பின்னால் ஒரு தடிப்பு வந்தது. லைம் நோய்க்குப் பாடநூல்கள் காட்டுவது பெரும்பாலும் வெள்ளைத் தோலில் சிவப்பு வளையம். என் கறுத்த தோலில் அது கன்றிப்போன காயம்போல்தான் தெரிந்தது. "எங்காவது இடித்துக்கொண்டீர்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். முழங்கால் வீங்கியபிறகுதான் இரத்தப் பரிசோதனை, நான்கு வாரம் டாக்சிசைக்ளின். வீக்கம் வடிந்தது. அசதியும் வலியும் போகவில்லை. "வீட்டில் தனியாக இருக்கிறார், ஊர் நினைப்பு" என்றார் மருத்துவர், என்னிடம் அல்ல, என் கணவரிடம். வேலை அனுமதி இல்லாத விசாவில் வந்த மனைவிக்கு வேறென்ன நோய் வந்துவிடப்போகிறது!

நோய்க்குப் பெயர் தந்த லைம் என்ற ஊரும் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஓவியர் பாலி மர்ரிக்கும் பல வருடங்கள் 'மனப்பிரச்சினை' என்ற பதில்தான் கிடைத்தது. அவர் குறிப்பெடுப்பதை நிறுத்தவில்லை. தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் மூட்டு வீங்கியவர்களைக் கணக்கெடுத்து, 1975இல் மாநிலச் சுகாதாரத் துறையிடம் போனார். இன்னொரு தாயும் அதே புகாரோடு வந்திருந்தார். ஆய்வு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

இப்படிப்பட்ட வரலாறு இருப்பதால்தான், "உங்களை நம்புகிறேன்" என்று ஒருவர் சொன்னதும் காலில் விழத் தோன்றுகிறது. நானும் விழுந்தேன். அவர் காப்பீடு ஏற்பதில்லை, ரொக்கம் மட்டும். பெயர் 'நாள்பட்ட லைம்'. மார்பருகே குழாய் வைத்து மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்றார். எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். "நீங்கள் தேறும்வரை."

2001இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், என்னைப்போலச் சிகிச்சைக்குப் பிறகும் தொல்லை நீங்காதவர்களுக்கு மூன்று மாதம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. அத்தகைய குழாய் வழியே கிருமி ஏறி இறந்தவர்களும் உண்டு.

இதைச் சொன்னால் தோழிகள் சிலர் கோபிக்கிறார்கள். நம்மை நம்பும் ஒரே மருத்துவரையும் காட்டிக்கொடுக்கிறாயே என்கிறார்கள். என்னை நம்புவது வேறு, என்னைப் பரிசோதிப்பது வேறு. முதலாமவரும் பரிசோதிக்கவில்லை, இரண்டாமவரும் பரிசோதிக்கவில்லை. இருவரும் நான் உள்ளே நுழையும் முன்பே பதிலை வைத்திருந்தார்கள். ஒருவர் அதற்குக் கூடுதலாகப் பணம் வாங்கினார், அவ்வளவுதான்.

மூன்றாமவர் ஒரு பெண். (பெண் என்பதால் நல்லவர் என்று எழுத மாட்டேன், முதலாமவரும் பெண்தான்.) வலி உண்மை என்றார். ஏன் தொடர்கிறது என்பது மருத்துவத்துக்கு இன்னும் சரியாகத் தெரியாது என்றார். தைராய்டு, லூபஸ், தூக்கம் என்று ஒவ்வொன்றாகத் தேடினார். தைராய்டு குறைவு அகப்பட்டது. மாத்திரையில் அசதி பாதி குறைந்தது, மீதி இருக்கிறது. அவருக்கும் அது தெரியும்.

அடுத்த வாரம் மறுபடி போகிறேன். ஆறு மாத வலியைத் தேதி போட்டு எழுதிய நோட்டு என் பையில் இருக்கிறது. கணவர் காரிலேயே உட்கார்ந்திருப்பார்.